இரண்டாவது வெடி

மான் விழவில்லை.

வெடி கேட்டதும் முதுகை வில்லாக வளைத்து ஒரு துள்ளுத் துள்ளியது. அதனோடு நின்ற மற்ற ஐந்தும் மேட்டைத் தாண்டிப் பறந்துவிட்டன. இது ஓடவில்லை. தலையைத் தாழ்த்தி, வயிற்றுவலிக்காரர் நடப்பதுபோல எட்டுக் குறுக்கி நடந்து மரங்களுக்குள் போனது.

நான் பனியில் குப்புறக் கிடந்தேன். துவக்கின் பூட்டை இழுத்து அடுத்த ரவையை ஏற்றுவதற்குள் மான் மறைந்துவிட்டது. விரல்கள் என் சொல் கேட்கவில்லை.

நெஞ்சில் பட்டால் மான் முன்னுக்குப் பாய்ந்து ஓடி விழும். காலில் பட்டால் நொண்டும். முதுகை வளைத்தால் வயிற்றில் பட்டிருக்கிறது. இதை நான் பயிற்சி வகுப்பில் கொப்பியில் எழுதிப் படித்தேன்.

வயிற்றில் பட்ட மான் உடனே சாகாது. இரவு முழுக்கக் கிடந்து சாகும். அன்றோ வேட்டைப் பருவத்தின் கடைசி நாள். அடுத்த நாள் துவக்கோடு அந்த மலையில் ஏற யாருக்கும் அனுமதி இல்லை. வெளிச்சம் போவதற்குள் நான் தேடிப்பிடிக்காவிட்டால், அதைத் தேட இந்த உலகத்தில் வேறு ஆள் இல்லை.

"கடவுளே, நான் என்ன வேலை பார்த்தனான்" என்று வாய்விட்டுச் சொன்னேன். கேட்பதற்கு அங்கே பனிதான் இருந்தது.

ஒரு வாசகரின் கேள்வி

துவக்கு அனுமதிக்காக நான் சோதனை எழுதிய கதையைப் போன வாரம் சொல்லியிருந்தேன். அதை வாசித்த ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார்: "துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடி வந்த சனம் நாங்கள். உங்களுக்கு ஏன் அம்மா இந்த வேலை?"

நியாயமான கேள்வி. இங்கே இத்தாலியில், பலெர்மோ நகரத்துக் கோயில் வாசலில் என்னைக் கண்டதும் கதையை நிறுத்துகிறவர்களோடு ஒப்பிட்டால் இவர் தங்கமான மனிதர். ஆகவே பதில் சொல்கிறேன்.

பலெர்மோவில் பணக்காரர் வாழும் லிபெர்த்தாவில் ஒரு வீட்டில் பதினைந்து வருடம் வேலை செய்தேன். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற வக்கீல், மனைவியை இழந்தவர், நல்ல மனிதர். ஆனால் வேட்டைப் பைத்தியம். மலையில் சுட்டதைக் காரின் பின்பெட்டியில் போட்டுக்கொண்டு வருவார். குசினி மேசையில் கிடத்திவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு பேப்பர் வாசிக்கப் போய்விடுவார். முயலோ பன்றியோ மானோ, வெட்டித் துப்புரவாக்குவது என் பாடு.

நல்ல வெடியில் விழுந்த மிருகத்தை வெட்டுவது ஒரு வேலை. வயிற்றில் பட்டுக் குடல் கிழிந்ததை வெட்டுவது வேறு வேலை. உப்பும் எலுமிச்சம்பழமும் போட்டுத் தேய்த்தாலும் நாற்றம் மூன்று நாள் விரலிடுக்கில் நிற்கும். நாற்றத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். காயத்தைச் சுற்றி இரத்தம் கட்டியிருக்கும் விதத்தைப் பார்த்தால் அது எவ்வளவு நேரம் உயிரோடு கிடந்தது என்று எனக்கு விளங்கிவிடும். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நான் கொஞ்சம் வாய்க்காரி. ஒருநாள் கத்தியை மேசையில் வைத்துவிட்டு நேரே போய்ச் சொன்னேன். "அவொக்காத்தோ, சுடத் தெரியாவிட்டால் சுடாதீர்கள்." அங்கே வக்கீலை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "அப்படியென்றால் நீ சுட்டுக் காட்டு, ரோகிணி."

அவர் கேலிக்குச் சொன்னார். நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். குடியுரிமை கையில் கிடைத்ததும் பாஸ்போட் எடுத்தேன், கோயிலுக்குக் கடன் வைத்திருந்த நேர்த்தியைத் தீர்த்தேன், மூன்றாவதாகத் துவக்கு வகுப்பில் பெயர் கொடுத்தேன். வகுப்பில் இருபத்திரண்டு ஆம்பிளைகள், நான் ஒருத்தி. குறி பார்க்கும் சோதனையில் ஐந்துக்கு ஐந்து.

பலெர்மோவுக்குக் கிழக்கே உள்ள மலைகளில் மான் பெருகிவிட்டது. கன்று மரங்களைக் கடித்தே காட்டை அழிக்கிறது. அதனால் பயிற்சி எடுத்தவர்களைக் கொண்டு வருடாவருடம் குறைக்கிறார்கள். ஆளுக்கு ஒரு மலைத்துண்டு, ஒரு மான், அதன் காலில் கட்ட இலக்கம் போட்ட ஒரு பட்டி. இங்கே இதைத் தாய்னோ என்பார்கள். நம் புள்ளிமானுக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி இருக்கும். கோடையில் புள்ளி தெரியும், மாரியில் சாம்பல் போர்த்திக்கொள்ளும்.

போகிற இடமெல்லாம் நான் சொல்லித் திரிந்தது ஒன்றுதான். "நான் சுட்டால் அது அந்த இடத்திலேயே விழும். இல்லாவிட்டால் சுடமாட்டேன்." முதல் இரண்டு வருடமும் அப்படித்தான் நடந்தது. மூன்றாம் வருடம்தான் இது.

தூரமோ?

அன்று என்னை மலைக்குக் கொண்டுபோனவர் என் கணவர். பெயரை எழுதினால் கோபிப்பார், ஆகவே 'இவர்' என்றே எழுதுகிறேன்.

இவர் வாரம் ஏழு நாளும் சைவம். வேலை செய்வதோ பல்லாரோ சந்தையில் மீன் கடையில். வாள்மீனைத் துண்டு போட்டு விற்றுவிட்டு, அல்பெர்கேரியாச் சந்துக்குள் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து, குளித்து, திருநீறு பூசிக்கொண்டு பருப்பும் சோறும் சாப்பிடுவார். இப்படிப்பட்டவரிடம் மான் வேட்டையைப் பற்றிக் கருத்துக் கேட்கக் கூடாது. நான் கேட்டதும் இல்லை. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது என்பதால் மட்டும் வருவார்.

விடிய முன்னமே புறப்பட்டோம். பகேரியா தாண்டும்வரை மழை. நெடுஞ்சாலையை விட்டு மலைக்கு ஏறத் தொடங்கியதும் மழை பனியாக மாறியது. கார்ச் சில்லுக்குச் சங்கிலி பூட்டி, ஊர்ந்து ஊர்ந்து, கடைசி வளைவுக்கு வர ஒன்பது மணி ஆகிவிட்டது. அதற்கு மேல் பாதையே இல்லை.

நான் துவக்கையும் பையையும் எடுத்துத் தோளில் போட்டேன். இவர் காரின் கண்ணாடியை ஒரு விரற்கடை இறக்கினார்.

"தூரமோ?"

"ஓம், கொஞ்சம்."

"கவனம்."

அவ்வளவுதான் எங்கள் உரையாடல். இதில் என்ன பிழை என்று எங்கள் ஊர்க்காரருக்குத் தெரியாது. புறப்படுகிறவரை "எங்கை போறாய்?" என்று கேட்பது சகுனப்பிழை. போகிற காரியம் கெட்டுவிடும். கேட்டுவிட்டால் சிலர் திரும்பி வந்து இருந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி புறப்படுவார்கள். அதனால் நாசூக்காகத் "தூரமோ?" என்று கேட்பது வழக்கம். போகிறவரும் இடத்தின் பெயரைச் சொல்லமாட்டார். இவர் வாழ்நாளில் ஒருவரையும் "எங்கை?" என்று கேட்டதில்லை. அதில் இவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

மலைக்காரர்களின் முதல் சட்டம் இதற்கு நேர் எதிர். எந்தச் சரிவுக்குப் போகிறாய், எப்போது திரும்புவாய் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுத்தான் காலை எடுத்துவைக்க வேண்டும். சோதனைத் தாளில் இது முதலாவது கேள்வி. சரியான விடை எழுதிப் புள்ளி வாங்கியவள் நான். எழுதிய கை வேறு, வாய் வேறு.

பதறிய காரியம்

எனக்குத் தந்த மலைத்துண்டில் ஒரு பெரிய மரத்தின் வேரோடு சாய்ந்து ஐந்து மணி நேரம் கிடந்தேன். வெண்புகை மாதிரிப் புகார் வரும், போகும். கீழே வெட்டை வெளி தெரியும், பிறகு இல்லாமல் போகும். காலுறைக்குள் பனி உருகி, பிறகு காலில் உணர்ச்சியே இல்லாமல் போனது. பிளாஸ்கில் கொண்டுபோன இஞ்சித் தேத்தண்ணி பதினொரு மணிக்கே முடிந்துவிட்டது.

இரண்டரை இருக்கும். ஆறு மான்கள் வரிசையாக வெட்டைக்கு இறங்கின. மூன்றாவது பெண் மான். பக்கவாட்டில் நின்றது. தூரம் எனக்குப் பழக்கமான தூரம்தான்.

இப்போது உண்மையைச் சொல்கிறேன். இடது பக்கமிருந்து அடுத்த புகார் மூட்டம் வந்துகொண்டிருந்தது. அது வந்தால் இன்றைக்கு முடிந்தது, இன்றைக்கு முடிந்தால் இந்த வருடமே முடிந்தது. வெறுங்கையோடு இறங்க எனக்கு மனம் வரவில்லை. கையுறையைக் கழற்றாமலே விசையில் விரலை வைத்தேன். மான் ஓர் எட்டு வைக்கப் போவது துவக்கின் கண்ணாடிக்குள் தெரிந்தது. தெரிந்தும் அழுத்தினேன்.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். நான் பதறினேன், அது சிதறியது. ஊருக்குத்தான் உபதேசம் என்று என்னைத்தான் சொல்ல வேண்டும்.

வயிற்றில் பட்டதை உடனே துரத்தவும் கூடாது. துரத்தினால் வலியோடு மைல் கணக்கில் ஓடும். விட்டுவிட்டால் கிட்டடியிலேயே படுக்கும். இரத்தத்தை மோந்து தேடும் நாயோடு ஒருவர் கீழ் ஊரில் இருக்கிறார், அவரைக் கூப்பிட வேண்டும். கைபேசியை எடுத்தேன். ஒரு கோடுகூட இல்லை.

சரி, காத்திருப்போம் என்று மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அப்போது பனி கொட்டத் தொடங்கியது. இது பெரிய பெரிய பூவாக விழும் பனி. இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்கிறது புத்தகம். இரண்டு மணி நேரத்தில் தடமும் இருக்காது, வெளிச்சமும் இருக்காது. அரை மணி பொறுத்தேன். அதற்கு மேல் பொறுக்கவில்லை.

மான் நின்ற இடத்தில் வெட்டுப்பட்ட மயிர் கிடந்தது. பக்கத்தில் இரத்தம், அதோடு கலந்து அரைபட்ட புல்லின் பச்சை. இருந்த கொஞ்சச் சந்தேகமும் போய்விட்டது.

தடம் மரங்களுக்குள் ஏறியது. பத்து எட்டுக்கு ஒரு சொட்டு, இருபது எட்டுக்கு ஒரு சொட்டு. சொட்டின் மேல் பனி விழுந்து மூடியிருந்தால் குனிந்து கையால் மெல்ல விலக்கிப் பார்ப்பேன். சிவப்புத் தெரிந்தால் அந்த இடத்தில் ஒரு குச்சியை நட்டுவிட்டு அடுத்ததைத் தேடுவேன். ஒன்று கிடைக்காவிட்டால் குச்சிக்குத் திரும்பி வந்து மறுபடி. இப்படியே முக்கால் மணி நேரத்தில் மேட்டின் உச்சிக்கு வந்தேன்.

அங்கே சிவப்பு மை பூசிய ஒரு கல். எனக்குத் தந்த துண்டு அதோடு முடிகிறது. தடம் கல்லைத் தாண்டி மறுபக்கச் சரிவில் இறங்கியது.

மேட்டின் மேல் நின்று யோசித்தது

அந்தக் கல்லின் பக்கத்தில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. இவருக்கு நான் எந்தச் சரிவில் இருக்கிறேன் என்பதே தெரியாது. மேட்டைத் தாண்டினால் நான் போவது காருக்கு நேர் எதிர்ப் பக்கம். ஒரு கால் சறுக்கினால், இவர் விடிய விடிய மற்றப் பக்கத்தில்தான் தேடுவார்.

திரும்பிக் காருக்குப் போய்ச் சொல்லிவிட்டு வரலாம். போய்வர ஒன்றரை மணி நேரம். வரும்போது தடம் இருக்காது.

அப்போது கீழேயிருந்து ஹோர்ன் சத்தம் கேட்டது. புகாருக்குள்ளால் மெலிந்து வந்தது. ஒருமுறை நீளமாக. பிறகு அமைதி. பிறகு மறுபடி. எங்கள் பழைய காரின் சத்தத்தைப் பத்து காருக்குள் கேட்டாலும் எனக்குத் தெரியும். பனியைக் கண்டு பயந்து அடிக்கிறார்.

என் கழுத்தில் விசில் தொங்கியது. மலைக்குப் போகிற எல்லோருக்கும் தருகிற விசில். எடுத்து உதட்டில் வைத்தேன். ஊதினால் இவருக்குக் கேட்கும், நிம்மதி வரும். ஆனால் மான் இந்தச் சரிவில் எங்கோ கிட்டடியில்தான் படுத்திருக்கிறது. அதற்கும் கேட்கும். குடல் கிழிந்த வயிற்றோடு எழும்பி ஓடும். பிறகு அதை நான் பிடிக்கவே மாட்டேன்.

ஹோர்ன் மறுபடி அடித்தது.

முப்பத்தொரு வருடம் என்னோடு குடும்பம் நடத்தியவர். அவரைப் பதறவிடுவதா, மானை இரவு முழுக்கச் சாகவிடுவதா? வாசிக்கும்போது இது ஒரு கேள்வியே இல்லை என்று உங்களுக்குத் தோன்றலாம். எழுதும்போது எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் அன்று அந்த இடத்தில் நான் விசிலைச் சட்டைக்குள் போட்டுச் சிப்பை மேலே இழுத்தேன். இவருக்கு ஒரு மணி நேரப் பயம்தான், பிறகு திட்டித் தீர்ப்பார். அந்த மானுக்கு நான் செய்ததை வேறு யாரும் தீர்க்க முடியாது. மன்னியுங்கோ என்று மனதுக்குள் சொல்லிவிட்டுக் கல்லைத் தாண்டினேன்.

சரிவு

மறுபக்கம் காற்று இல்லை. இலையில் முள்ளுள்ள ஒரு வகை மரங்கள் அங்கே நெருக்கமாக நிற்கும், மாரியிலும் பச்சை போகாது. அடியில் பனி குறைவு. தடம் தெளிந்தது. இரண்டு இடத்தில் படுத்து எழும்பியிருந்தது. படுத்த இடத்தில் பனி கரைந்து இரத்தம் கட்டியிருந்தது.

இரண்டு முறை விழுந்தேன். இரண்டாம் முறை துவக்கை மேலே தூக்கிப் பிடித்ததில் முழங்கை கல்லில் அடிபட்டது. இன்றைக்கும் மாரி வந்தால் அந்த முழங்கை நினைவூட்டும். ஹோர்ன் சத்தம் நின்றுவிட்டிருந்தது. அது நின்றதுதான் எனக்கு இன்னும் பயத்தைத் தந்தது.

இருபது எட்டுத் தூரத்தில் அதைக் கண்டேன்.

ஒரு மரத்தடியில் கால்களை மடித்துப் படுத்திருந்தது. தலை நிமிர்ந்திருந்தது. என்னைப் பார்த்தது. எழும்ப ஒருமுறை உன்னியது, முடியவில்லை. பிறகும் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

நான் அவசரப்படவில்லை. கையுறையைக் கழற்றிப் பல்லில் கடித்துக்கொண்டேன். துவக்கை ஒரு மரத்தோடு அணைத்தேன். மூச்சு அடங்கும்வரை நின்றேன். குறியை வைக்கவேண்டிய இடத்தில் வைத்து, மெல்ல அழுத்தினேன்.

தலை மெதுவாகப் பனியில் சாய்ந்தது.

பக்கத்தில் போய் இருந்து அழுதேன். இதை ஒளிக்க ஒன்றுமில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் அது பட்ட வேதனை முழுவதும் என் ஒரு நொடி அவசரத்தால் வந்தது. அதன் கழுத்தில் கை வைத்தேன். இன்னும் சூடாக இருந்தது. பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, பட்டியை எடுத்துப் பின்னங்காலில் கட்டினேன்.

இவர் வந்தார்

இழுத்துக்கொண்டு மேட்டுக்குப் பாதி தூரம் ஏறியிருப்பேன். மேலே யாரோ என் பெயரைச் சொல்லிக் கத்துவது கேட்டது. அப்போதுதான் விசிலை எடுத்து ஊதினேன்.

புகாருக்குள்ளிருந்து இவர் வெளிப்பட்டார். காலில் மீன் கடை றப்பர் சப்பாத்து. தலையில் சால்வை. காருக்குள் கிடந்த குடையின் கம்பை ஊன்றிக்கொண்டு வந்தார். ஹோர்ன் அடித்துக் களைத்துப்போய் இறங்கி நடக்கத் தொடங்கியிருக்கிறார். எந்தப் பக்கம் என்று தெரியாமல் மேட்டில் நின்றவருக்கு என் இரண்டாவது வெடிதான் திசை சொன்னது.

வந்தவர் முதலில் என் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். முழுதாக இருக்கிறேன் என்று கண்டதும் ஏசத் தொடங்கினார்.

"எந்தப் பக்கம் போறன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டுப் போனால் என்ன? நான் எங்கையெண்டு தேடுறது?"

"நீங்கள் கேக்கேல்லையே."

"கேக்கக்கூடாதெண்டுதானே கேக்கேல்லை!"

"அப்ப கேக்காததுக்கு நான் என்னெண்டு சொல்லுறது?"

"நல்ல நாயம். நீ செத்துக் கிடந்தாலும் நான் சகுனம் பார்த்துக்கொண்டு காருக்குள்ளை இருக்கிறதோ?"

கோபம் வந்தால்தான் இவர் என்னை 'நீ' என்பார். மற்ற நேரமெல்லாம் 'நீர்'தான்.  வாய்க்காரிக்கும் அடங்க வேண்டிய இடம் தெரியும்.

இவர் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு மானைப் பார்த்தார்.

"இதுக்குத்தானோ மலையைக் கடந்து போனனீர்?"

"ஓம். பிழையாச் சுட்டுப்போட்டன். விட்டிட்டு வரேலாது."

இவர் குடையை என்னிடம் தந்தார். குனிந்து மானின் முன்னங்கால்கள் இரண்டையும் தன் கையால் பிடித்தார். சுட்ட மானை இவர் தொட்டது அதுதான் முதலும் கடைசியும்.

"நீர் பின்னுக்குப் பிடியும். இருட்டுது."

நீனோவின் மேசை

சுட்ட மானைக் கீழ் ஊரிலுள்ள பதிவு அறைக்குக் கொண்டுபோய் நிறுத்துக் காட்ட வேண்டும். அங்கே இருப்பவர் நீனோ. அறுபது தாண்டியவர், பருத்த கை, கூர்மையான கண். எங்களைக் கண்டதும் கதவைத் திறந்து, அடுப்பை ஏற்றி, இவருக்கு ஒரு கதிரை போட்டார்.

எங்கே விழுந்தது என்று கேட்டவருக்கு, மேட்டுக்கு மறுபக்கம் என்று மட்டும் சொன்னேன். மானைப் பலகையில் கிடத்தி, திருப்பிப் பார்த்தார். வயிற்றில் ஒரு துளை. கழுத்தடியில் ஒரு துளை. பலகையைத் தட்டினார்.

"சிஞ்ஞோரா, இதைப் பாருங்கள். யாரோ ஒரு கழுதை வயிற்றில் சுட்டுவிட்டு, பனியைக் கண்டதும் வீட்டுக்கு ஓடிப் போயிருக்கிறான். கடைசி நாளில் எப்போதும் இப்படி ஒருவன் வருவான். நீங்கள் அல்லவா மேட்டைத் தாண்டிப் போய் இதன் வேதனையை முடித்திருக்கிறீர்கள். பிராவா, கெட்டிக்காரி."

அடுப்புப் பக்கத்தில் இருந்த இவருக்கு இத்தாலிய மொழி நன்றாக விளங்கும். சப்பாத்திலிருந்த பனியைத் தட்டுவதுபோலக் குனிந்துகொண்டார். நான் தலையாட்டினால் தானும் ஆட்டுவார் என்று எனக்குத் தெரியும். லிபெர்த்தாவிலிருந்து இந்த மலை வரைக்கும் நான் பேசிய பேச்செல்லாம் அந்தச் சின்ன அறைக்குள் வந்து நின்றது. ஒரு தலையாட்டல் போதும், என் பெயர் அப்படியே இருக்கும். என் கழுத்து ஆடத்தான் பார்த்தது.

நீனோ பேனையை எடுத்துப் படிவத்தை இழுத்தார். "முதல் வெடி, தெரியாத ஆள். இரண்டாவது வெடி, சிஞ்ஞோரா ரோகிணி."

"நீனோ," என்றேன், "அந்தக் கழுதை நான்தான். இரண்டும் என்னுடைய வெடி."

பேனை நின்றது. நீனோ என்னைப் பார்த்தார். பிறகு மானைப் பார்த்தார். எழுதியதன் மேல் ஒரு கோட்டை இழுத்துவிட்டு, பக்கத்தில் என் பெயரை எழுதினார்.

படிவத்தை என் பக்கம் திருப்பினார். நான் கையெழுத்துப் போட்டேன்.